சண்டை முடிஞ்சுது, காஜா மட்டும் பாக்கி

வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பேசாதீர்கள் என்று அரையிஞ்சு டெய்லரிடம் அவர் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். என்றைக்காவது ஒன்றை முழுங்கித் தொலைப்பார் என்பது அவள் கவலை. அதனால் ஒரு போர் நின்றுபோகும் என்று அவளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அரையிஞ்சு என்பது ஊர் வைத்த பெயர். எத்தனை மீட்டர் துணி கொடுத்தாலும் டேப்பை ஓட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "அரை இஞ்ச் உதைக்குதே" என்பார். அப்படி உதைத்த துணியில்தான் அவர் மகள் சின்ன வயதில் விதவிதமாக உடுத்தி வளர்ந்தாள் என்று வாடிக்கையாளர்கள் பேசிக்கொள்வார்கள். மற்றபடி நல்ல மனிதர். கை சுத்தம் என்று அடித்துச் சொல்ல முடியாது, தையல் சுத்தம்.

அவர் தொழிலில் 'முடிஞ்சுது' என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. துணி இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். 'காஜா மட்டும் பாக்கி' என்றால் பட்டன் நுழையும் ஓட்டைகள் மட்டும் போட வேண்டும் என்று வாடிக்கையாளர் புரிந்துகொள்வார். உண்மையில் பை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று அர்த்தம். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. 'முடிஞ்சுது' என்று கேட்டுவிட்டுப் போனால் வாடிக்கையாளருக்கும் ராத்திரி தூக்கம் வருகிறது.

அன்று மத்தியானம் கல்யாணத் தரகர் மூன்றாவது முறையாக மெசேஜ் அனுப்பியிருந்தார். "என் சட்டை என்னாச்சு?" அரையிஞ்சுவின் ஒரு கையில் சாக்கட்டி, மறு கையில் யாருடைய கோட்டோ, உதட்டில் வரிசையாகக் குண்டூசிகள். கட்டைவிரலால் போனில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்:

"அண்ணே, சட்டை முடிஞ்சுது. காஜா மட்டும் பாக்கி. நாளைக்குக் காலைல வந்து எடுத்துட்டுப் போங்க."

ஊசி கவ்விய வாய். சொல் பாதி மூக்கு வழியாகப் போனது. போன் தன் காதில் விழுந்ததை எழுதியது:

"அண்ணே சண்டை முடிஞ்சுது ராஜா மட்டும் பாக்கி நாளைக்குக் காலைல வந்து எடுத்துட்டுப் போங்க."

அது தரகருக்கும் போகவில்லை. போனைத் திறந்தால் எப்போதும் மேலே நிற்கும் 'வார்டு மனவுறுதி' குரூப்புக்குப் போனது.

இங்கே போரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எல்லையில் ஒரு குன்றுக்காக அது நடந்துகொண்டிருந்தது. குன்றில் புல்கூட முளைக்காது. ஆனால் உச்சியில் ஏறி நின்றால் வீடியோவில் முதுகுக்குப் பின்னால் சூரியன் வந்து உட்காரும். அப்படி ஒரு இடம் இரண்டு நாட்டிலும் வேறு இல்லை. போரைப் படை நடத்தியது என்பது பேச்சுக்குத்தான். நடத்தியது மனவுறுதி வாரியம். எந்த நேரத்தில் தாக்குவது, எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவருவது, எவன் முகத்தில் கரி பூசுவது எல்லாம் வாரியத்தின் முடிவு.

அரையிஞ்சுவின் மாப்பிள்ளை அந்தக் குன்றை மூன்று தடவை பிடித்துவிட்டார். முதல் தடவை கேமராக்காரரின் விரல் லென்ஸை மறைத்துவிட்டது. குன்றை எதிரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி பிடித்தார்கள். இரண்டாவது தடவை கொடி தலைகீழாக இருந்தது. மூன்றாவது தடவை எல்லாம் பிரமாதம். போனைக் குறுக்கே பிடிப்பதற்குப் பதிலாக நெடுக்கே பிடித்துவிட்டார்கள். எதிரிகளும் ஒவ்வொரு முறையும் பெருந்தன்மையாக இறங்கி ஏறினார்கள். அவர்களுக்கும் அங்கே ஒரு வாரியம், அதே தொல்லை.

வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் மூன்றாவது வீடியோவில் சத்தமும் சரியில்லை, 'உண்மைத்தன்மை போதவில்லை' என்று வாரியம் குறிப்பு எழுதியது. வருகிற வெள்ளிக்கிழமை நாலாவது தடவை. இந்தத் தடவை நிஜக் குண்டு போடுவார்கள். மாப்பிள்ளை முதல் வரிசை. இதைக் கேட்ட நாளிலிருந்து மகள் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அரையிஞ்சு வெள்ளிக்கிழமை என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை. வாடிக்கையாளர்களுக்கு வியாழன் இல்லாவிட்டால் சனி என்று தவணை சொல்லி வந்தார்.

வாரியம் போட்டிருந்த சட்டம் ஒன்றுதான். மனவுறுதி குரூப்பில் வருகிற எதையும் அந்த மணிக்குள் இன்னும் இரண்டு குரூப்புக்குத் தள்ள வேண்டும். தள்ளாத தெருவுக்கு மறுநாள் தண்ணீர் வராது. எனவே மக்கள் படிக்காமல் தள்ளும் பழக்கத்துக்கு வந்திருந்தார்கள். அரையிஞ்சுவின் வரியையும் பக்தியோடு தள்ளினார்கள். தள்ளிய பிறகுதான் சிலர் படித்தார்கள். படித்தவர்கள் மறுபடி தள்ளினார்கள்.

சாயங்காலத்துக்குள் நாடு முழுக்க ஒரே பேச்சு. சண்டை முடிந்துவிட்டது, ராஜா ஒருவர்தான் பாக்கி. ராஜா என்று பெயர் உள்ளவர்கள் வெளியே தலைகாட்டவில்லை. ஆனால் பெற்றவர்களுக்கு ராஜாவைப் பற்றி அக்கறை இல்லை. அவர்கள் பிடித்துக்கொண்டது கடைசி வாக்கியத்தை. 'நாளைக்குக் காலைல வந்து எடுத்துட்டுப் போங்க.' விடிந்ததும் லாரி, வேன், பால்வண்டி என்று கிடைத்ததில் ஏறி, பிள்ளைகளை எடுத்துவரப் போர்முனைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

அரையிஞ்சுவின் கடை வாசலுக்கு வாரியத்தின் ஜீப் வந்ததும் அன்று காலைதான். இறங்கிய அதிகாரி கையில் துப்பாக்கி இல்லை. ஒரு நீளக் குச்சி, அதன் நுனியில் போன்.

"நீதான் சண்டைய முடிச்சவனா?"

"நான் தைக்கிறவனுங்க."

"சிரிக்காம ஏறு. கைதாகும்போது சிரிச்சா ரீச் போயிடும்."

வாரியக் கட்டடத்தில் மத்தியானம் வரை காக்கவைத்துவிட்டு அவரைப் பிரிவு பிரிவாகக் கடத்திக்கொண்டு போனார்கள். முதலில் இதயப் பிரிவு. வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு குமாஸ்தா, குமாஸ்தாவுக்குக் கட்டுப்போட்ட கட்டைவிரல். வாரியம் வெளியிடும் ஒவ்வொன்றுக்கும் இதயம் அழுத்துவது அவர்கள் உத்தியோகம். அடுத்தது கண்ணீர்ப் பிரிவு. அங்கே யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் போலிருக்கிறது, மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோபப் பிரிவில் எல்லோரும் மத்தியான சாப்பாட்டுக்குப் பிந்திய களையில் தலை தொங்க உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் வீரமரணப் பலகை ஒன்று மாட்டியிருந்தது. பெயர்கள் இன்னும் இல்லை, எந்த இறப்புக்கு எத்தனை ஷேர் வரும் என்ற கணக்கு மட்டும்.

தலைமை இயக்குநரின் அறையில் அவர் தலைக்குப் பின்னால் வட்டமாக ஒரு விளக்கு எரிந்தது. தோளில் பட்டைகள். படையில் வீரத்துக்குப் பட்டை. இங்கே ஃபாலோயருக்குப் பட்டை.

"ராஜா யாரு?" என்றார், எடுத்த எடுப்பில்.

"எந்த ராஜாங்க?"

"அதைத்தான் நான் கேக்கறேன்."

"சார், அது ராஜா இல்லீங்க. காஜா."

இயக்குநர் உதவியாளரைப் பார்த்தார். "ரெண்டு பேர்யா! எழுதிக்கோ. ராஜா, காஜா. இவனுங்க தலைமையிலதான் நடந்திருக்கு."

அரையிஞ்சு நடந்ததைச் சொன்னார். ஊசி, வாய், மூக்கு, போன். இயக்குநர் நம்பவில்லை, ஆனால் வாரியத்தில் எதையும் விஞ்ஞானப்படி செய்வது வழக்கம். ஒலி நிபுணரை வரவழைத்தார்கள். ஊசி டப்பாவும் வந்தது. நிபுணர் ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, "சட்டை" என்றார். போன் 'சண்டை' என்று எழுதியது.

"தற்செயலா இருக்கலாம்," என்றார் இயக்குநர். தன் வாயிலும் சில ஊசிகளை வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, தினமும் காலையில் மக்களுக்குச் சொல்லும் வாசகத்தைச் சொன்னார்: "நாட்டுக்காக உயிரையும் கொடுப்போம்!"

போன், 'மாட்டுக்காக உயிரையும் கொடுப்போம்' என்று எழுதி, எங்கே அனுப்பட்டும் என்று கேட்டது.

 உதவியாளர் ஜன்னல் பக்கம் திரும்பித் தோளை மட்டும் குலுக்கிக்கொண்டிருந்தார். ஊசிகளைத் திரும்ப வாங்கியபோது ஒன்று குறைந்தது. நிபுணர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"சரி, சட்டைன்னே வெச்சுக்குவோம்," என்று இயக்குநர் இறங்கிவந்தார். "அப்ப உன் மேல தப்பில்ல. அந்தச் சட்டையக் கொண்டா. கேமராவுல காட்டி, இதுதான் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுது."

அரையிஞ்சு கழுத்தில் கிடந்த டேப்பைச் சரிசெய்துகொண்டார். "காஜா மட்டும் பாக்கிங்க."

"காஜா இல்லாட்டிப் பரவாயில்ல."

"காலரும் கொஞ்சம்..."

"காலர் இல்லாமலே கொண்டாய்யா!"

தொழில் தர்மம் ஒரு பக்கம், தூக்குக்கயிறு ஒரு பக்கம். அரையிஞ்சு தரையைப் பார்த்தபடி, பெண் வீட்டில் குறையைச் சொல்கிறவர் மாதிரி மெல்லச் சொன்னார்: "துணி இன்னும் வெட்டலைங்க."

"மாட்டினியா!" இயக்குநர் மேஜையைத் தட்டினார். "வெட்டாத துணிய முடிஞ்சுதுன்னு உலகத்துல எவனாவது சொல்வானா?"

"எங்க டெய்லர் சொல்வாரு சார்," என்றார் உதவியாளர்.

இயக்குநர் திரும்பிப் பார்த்த பார்வையில் உதவியாளர் பின்வாங்கிச் சுவரோடு சுவரானார்.

"இதப் பாரு டெய்லர்," இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். குரல் இப்போது குழைந்தது. "நான் சமாதானத்துக்கு எதிரி இல்ல. சமாதானத்துக்கு ரீச் இல்ல, அவ்வளவுதான். நான் இந்த நாற்காலில உக்காந்தப்ப நம்ம நாட்டு மனவுறுதி என்ன நெலமைல இருந்துச்சு தெரியுமா? ஒரு வீடியோவுக்கு ஆயிரம் பேர் கெடையாது. போர் வந்த பிறகுதான் ஆளுங்க போனை நிமிர்ந்து பார்த்தாங்க. குன்றுல ஏறுன மூணு வீடியோவும் சேர்த்து இருபது லட்சம். அதுல முக்கால்வாசி நம்ம இதயப் பிரிவுதான், இல்லேங்கல. நீ என்னடான்னா ஒத்தை வரி. படமில்ல, பாட்டில்ல, புள்ளி கமா கூட இல்ல. ஒரே சாயங்காலத்துல மொத்த நாடும் படிச்சிருச்சு. எனக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்?"

"மன்னிச்சிருங்க."

"அதுக்கு என் கணக்குலேருந்தே இதயம் போயிருக்குய்யா! படிக்காமப் போடறதுக்குன்னு ஆள் வெச்சிருக்கேன், போட்டுத் தொலைச்சுட்டான்."

வாரியம் சும்மா இருக்கவில்லை. காலையிலேயே மறுப்பு வெளியிட்டிருந்தது. 'மேற்படி பொருள் தொடர்பாக உரிய முறையில் தெளிவுபடுத்தப்படுவது யாதெனில்' என்று தொடங்கி நான்கு பக்கம். வாரியமே மறுக்கிறது என்றால் விஷயம் உண்மைதான் என்று மக்கள் இன்னும் இரண்டு லாரி பிடித்தார்கள். ஆகவே வழி ஒன்றுதான் பாக்கி. முடிந்தது என்று சொன்ன வாய், முடியவில்லை என்று சொல்ல வேண்டும். நேரலையில், நாடே பார்க்க.

அப்போது வெளியே சலசலப்பு. காவலாளியை ஒதுக்கிக்கொண்டு அரையிஞ்சுவின் மனைவி உள்ளே வந்தாள். புடவைக் கடை பாரம்பரியம். பேரம் பேசாமல் பல் துலக்கும் பொடிகூட வாங்காதவள்.

"ஏங்க, சம்பந்தி வீட்டுலேருந்து பேசினாங்க," என்றாள், இயக்குநர் என்று ஒருவர் இருப்பதைக் கண்டுகொள்ளாமல். "லாரி பிடிச்சுப் போய் மாப்பிள்ளைய ஏத்திட்டாங்களாம். வந்துக்கிட்டே இருக்காங்களாம். உங்க மக இப்பத்தான் சோத்துல கை வெச்சா."

அரையிஞ்சுவுக்கு அழுகை வந்தது. சந்தோஷம் வந்த அதே வழியில் பயமும் வந்தது. "சார், இப்ப நான் சண்டை முடியலேன்னு சொன்னா... கிளம்பி வந்தவங்க எல்லாம்?"

"ஓடிப்போனவங்க," என்றார் இயக்குநர். அவர் முகம் மலர்ந்தது. "உம் மாப்பிள்ளையும் அதுல இருக்கானா? அடடா. 'துரோகி வேட்டை'ன்னு ஒரு தொடர் யோசிச்சு வெச்சிருக்கோம். ஓடுனவனைத் தேடிப் பிடிக்கிறது, அழுகை, விசாரணை, கடைசிப் பகுதில தண்டனை. முதல் ஆள் யாருன்னுதான் மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருந்தோம். டெய்லரோட மாப்பிள்ளைன்னா சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்!"

"கடைசிப் பகுதில தண்டனைன்னா?"

"நிஜக் குண்டு ஏற்கெனவே வாங்கியாச்சு. வீணாக்க முடியாதுல்ல."

அரையிஞ்சு கதவுப் பக்கம் திரும்பினார். அவர் மனைவி பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து அவரை உட்காரவைத்துவிட்டு, இன்னொன்றில் தானும் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தம்பி, எத்தனை பேரைப் பிடிக்கப் போறீங்க?"

"எல்லாரையும்."

"எல்லாரையும் பிடிச்சா யாரு பார்ப்பாங்க? எல்லா வீட்டுலயும் அழுதுக்கிட்டுல்ல இருப்பாங்க. ஒருத்தரையும் பிடிக்காதீங்க."

"அதெப்படிம்மா, ஒருத்தர் கூடவா இல்லாம..."

"பாத்தீங்களா, எல்லாருலேருந்து ஒருத்தருக்கு நீங்களே எறங்கிட்டீங்க. அந்த ஒருத்தர் எங்க வீட்டு ஆளா இருக்க வேணாம்."

இயக்குநர் வாழ்நாளில் பேரம் பேசியதில்லை. சொன்ன விலைக்கு வாங்கி வளர்ந்தவர். தான் எந்தப் படியில் வழுக்கினோம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் வழுக்கியது தெரிந்தது. கத்தினார். "பேச்சே இல்ல! உங்க வீட்டு ஆள்தான் முதல் பகுதி! இவர் மட்டும் மறுத்தா, இவரே முதல் பகுதி!"

"சரி, சத்தம் போடாதீங்க. நான் இங்கதான் நிப்பேன். அதையாவது குடுங்க."

அதைக் கொடுத்தார். கடைசியில் எதையாவது கொடுத்து அனுப்புவதுதானே வியாபாரம்.

சாயங்காலம் நேரலை. அரையிஞ்சுவை ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். முகத்துக்கு மாவு அப்பினார்கள். எதிரே வட்ட விளக்கு; நடுவில் ஒரு போன்; கீழே, அவர் பார்த்துப் படிக்க வேண்டியதை ஒரு குமாஸ்தா பெரிய எழுத்தில் எழுதிப் பிடித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் பக்கத்தில் சட்டகத்துக்குக் கொஞ்சம் வெளியே. விளக்குக்குப் பின்னால் இருட்டில் மனைவி.

"அண்ணன் வந்துட்டாரு!" என்று திரையில் கமெண்டுகள் ஓடத் தொடங்கின. "அண்ணே, எம் பையன் வீட்டுக்கு வந்துட்டான், நீங்க நல்லா இருக்கணும்." "அண்ணே, ராஜா செத்துட்டாரா?" "அண்ணே, ப்ளவுஸ் தைப்பீங்களா?"

அரையிஞ்சு படித்தார். வாயில் ஊசி இல்லை. ஒவ்வொரு எழுத்தும் பித்தளை மாதிரி கணீரென்று விழுந்தது. "நான் டெய்லர். நான் சொன்னது சட்டை. சண்டை இல்லை. சண்டை முடியலை. போனவங்க எல்லாரும் திரும்பி வரணும்."

 அணை உடைந்த மாதிரி கமெண்டுகள் பாய்ந்தன.

"அண்ணன் மூஞ்சியப் பாருங்கப்பா, மெரட்டிப் பேச வெக்கிறாங்க."

"யாரோ எழுதிக் குடுத்ததைப் படிக்கிறாரு. அவர் இப்படித் தெளிவாப் பேசி நான் கேட்டதே இல்ல. இப்படிக்கு, கல்யாணத் தரகர்."

"அண்ணே, வாயத் தொறக்க வேணாம். சண்டை முடிஞ்சுதுன்னா கண்ணை மட்டும் சிமிட்டுங்க."

கடைசி வரியை இன்னொருவர் போட்டார், இன்னும் நூறு பேர் போட்டார்கள், கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க அது ஒன்றுதான். கண்ணைச் சிமிட்டுங்க, கண்ணைச் சிமிட்டுங்க.

"சிமிட்டாதே," என்று இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "இன்னும் கொஞ்ச நேரம். சிமிட்டினே, தொலைஞ்சே."

சிமிட்டாமல் இருப்பது அரையிஞ்சுவுக்கு ஒரு பெரிய விஷயமில்லை. ஊசியில் நூல் கோத்துக் கோத்துப் பழகிய கண். விளக்கு எவ்வளவு எரித்தாலும் தாங்கும். தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், எழுந்து கடைக்குப் போகலாம், துணியை வெட்டலாம்.

விளக்குக்குப் பின்னால் மனைவியைப் பார்த்தார். எப்போதும் எதையாவது சொல்கிறவள், இப்போது ஒன்றும் சொல்லவில்லை. கையும் காட்டவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் வாயைத்தான் அவள் திருத்தி வந்திருக்கிறாள். கண் அவர் பாடு.

லாரி இப்போது எங்கே வந்திருக்கும் என்று நினைத்தார். மாப்பிள்ளை பின்னால் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார். மூன்று தடவை மலையேறிய கால்.

ஒரு தடவை சிமிட்டினால் தூசி விழுந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆகையால் அரையிஞ்சு இரண்டு தடவை சிமிட்டினார். நிதானமாக, அளவெடுத்து.

தெருவில் எழுந்த சத்தம் ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. எங்கேயோ தட்டுகளைத் தட்டினார்கள். இதயப் பிரிவிலிருந்தும் ஒரு கூச்சல். யாரோ கட்டைவிரல் கட்டை அவிழ்த்து எறிந்தார்.

இயக்குநர் அரையிஞ்சுவின் கழுத்தைப் பிடிக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை திரையைக் கடந்தபோது கண் பார்ப்பவர்களின் எண்ணிக்கையில் விழுந்தது. எண் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று குன்று வீடியோவையும் கடந்து, வாரியம் பிறந்ததிலிருந்து வெளியிட்ட அத்தனையையும் சேர்த்துக் கடந்து, அவர் வாழ்நாளில் பார்த்திராத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கழுத்துக்குப் போன கை பாதி வழியில் மனம் மாறித் தோளில் விழுந்தது. தலையைச் சட்டகத்துக்குள் நுழைத்தார். கன்னத்தோடு கன்னம் வைத்தார். கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, தன் பங்குக்கு மூன்று தடவை சிமிட்டினார்.

எதிரி நாட்டு வாரியத்தின் இயக்குநர் விட்டுக்கொடுப்பாரா? அரை மணியில் அவரும் நேரலைக்கு வந்து நான்கு தடவை சிமிட்டினார். முதலில் சிமிட்டியது யார் என்பதில் இரண்டு வாரியத்துக்கும் தகராறு வந்து, அது இன்னும் ஓயவில்லை. ஆனால் அதற்குள் சண்டைக்குப் போர்முனையில் ஆள் இல்லை.

மறுநாள் இயக்குநர் பேசினார்: "இது திட்டமிட்ட வெற்றி. எதிரியைக் குழப்பச் சாதாரணத் தையல்காரர் வேடத்தில் நம் வாரியம் ஒரு ரகசிய வீரரை நிறுத்தியிருந்தது." அரையிஞ்சுவுக்கு ஒரு பதக்கமும், அனுமதி இல்லாமல் சிமிட்டியதற்காக ஒரு வழக்கும் ஒரே உறையில் வந்தன. பதக்கத்தில் குத்திக்கொள்ள ஊசி மட்டும் இல்லை. அது நிபுணரிடமிருந்து இன்னும் வரவில்லை என்று கீழே குறிப்பு எழுதியிருந்தார்கள்.

மாப்பிள்ளை வந்து இறங்கினார். சீருடை தோளிலிருந்து சரிந்து தொங்கியது. அரையிஞ்சு வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "தோள்ல ரெண்டு இஞ்ச் எறங்கிட்டீங்களே மாப்பிள்ளை," என்றார். இறங்கிப் போய் அந்தத் தோளை இழுத்துச் சரிசெய்தார். மகள் கணவரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

சாப்பிட்டுக்கொண்டே மாப்பிள்ளை சொன்னார்: "எங்களுக்கு அங்க சிக்னலே கெடையாது மாமா. ஒண்ணும் தெரியாது. பள்ளத்துல உக்காந்திருக்கோம், பார்த்தா எங்கம்மா வர்றாங்க. 'எந்திரிடா, போலாம்'ங்கறாங்க. பின்னாலேயே எல்லாரோட அம்மாவும். கமாண்டருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அவரோட அம்மாவும் வந்திருந்தாங்க."

"அந்தப் பக்கத்துக்காரங்க சுடலையா?" என்றாள் மாமியார்.

"எங்க சுடறது அத்தை? கையக் கட்டிக்கிட்டு நின்னு பாத்தாங்க. ஒருத்தன் மட்டும் கையக் குவிச்சுக் கத்தினான். 'ஏம்பா, உங்கம்மா கிட்ட எங்கம்மா நம்பர் குடுக்கறேன், ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லு'ன்னான். எங்கம்மா எழுதிக்கிட்டாங்க."

சொல்லி முடித்தவர் கை கழுவிக்கொண்டு வந்து, கூடத்தில் பாயைக்கூட விரிக்காமல் அப்படியே சாய்ந்தார். அடுத்த மூச்சில் தூங்கிப்போனார்.

போன் அடித்தது. இயக்குநர். மனைவி எடுத்தாள்.

"அம்மா, வணக்கம்! வெற்றி வீடியோ ஒண்ணு பண்றோம்! மாப்பிள்ளைய ஒரே ஒரு தடவை குன்றுல ஏறி..."

"மெதுவாப் பேசுங்க," என்றாள் அவள். "மாப்பிள்ளை தூங்கறாரு."

 மறுமுனையில், நாட்டுக்கே கேட்கும்படி பேசிப் பழகிய அந்தத் தொண்டை, கிசுகிசுத்தது. "எப்பம்மா எழுந்திரிப்பாரு?"

"தெரியாது. அவரா எழுந்திரிக்கணும்."

"சரி, நாங்க காத்திருக்கோம். லைன்லயே இருக்கோம்."

அவள் போனை அணைக்காமல் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். அங்கே வாரியத்தில் இயக்குநர் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கினார். கோபப் பிரிவு, கண்ணீர்ப் பிரிவு, இதயப் பிரிவு எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு விரல் நுனியில் நடந்துவந்து, போனைச் சுற்றி உட்கார்ந்தன. யாரோ தும்மப்போனார், பக்கத்திலிருந்தவர் அவர் மூக்கைப் பிடித்தார். மேஜை நடுவில் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனிலிருந்து மாப்பிள்ளையின் குறட்டை ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.